மலையின் முதுகுப்புறத்துச் சாலை

திருவண்ணாமலை என்றதும் தமிழ்நாட்டார் மனக்கண்ணில் முதலில் எழுவது கிழக்கு இராஜகோபுரம். பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட அக்கோபுரத்தை விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்தார். தஞ்சைச் சேவப்ப நாயக்கர் காலத்தில், 1572ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியது. நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் நாம் காணும் படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று எடுக்கப்பட்டவை. முன்னே கோபுரம், பின்னே மலை. அப்படத்தில் ஒருபோதும் விழாத பக்கம் ஒன்று உண்டு. மலையின் மேற்குப் புறமான அதன் அடிவாரத்தில், சாலை ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது அடி அண்ணாமலை என்னும் சிற்றூர். அவ்வூரைப் பற்றியும் அதன் ஊடே செல்லும் சாலையைப் பற்றியும் சில செய்திகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் பெருஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை. பல்லாண்டுகள் 66 என்ற எண்ணால் அறியப்பட்ட இதற்கு, 2010இல் நாடு முழுவதும் எண்கள் மாற்றப்பட்டபோது 77 என்ற எண் கிடைத்தது. லாரிகளும் விரைவுப் பேருந்துகளும் ஓயாது ஓடும் இச்சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், வலப்புறமாக ஒரு கிளைச்சாலை பிரியும். அதில் திரும்பியவுடன் இரைச்சல் குறைகிறது. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே வளைந்து வளைந்து போய், அடி அண்ணாமலையைத் தொட்டு, முடிவில் காஞ்சிச் சாலையில் சேர்ந்து நகருக்குத் திரும்புகிறது அக்கிளைச்சாலை.

காஞ்சிச் சாலை என்றவுடன் காஞ்சிபுரத்தை நினைத்துக்கொள்ளும் வெளியூரார் பலர். இந்தக் காஞ்சி வேறு. செய்யாற்றங்கரையில் உள்ள ஒரு கிராமம் அது. பட்டுப் புடவை வாங்கும் நோக்கத்தோடு அச்சாலையில் பேருந்து ஏறுகிறவர் ஏமாந்து போவார்.

நம் நாட்டுச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று தரம் பிரிக்கும் முறை 1943இல் நாகபுரியில் கூடிய பொறியாளர் மாநாட்டில் வகுக்கப்பட்டது. கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்த்தே தரம் கண்டுகொள்ளலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள், மாநிலச் சாலைக்குப் பச்சை. கீழ்த்தரத்துச் சாலைகளின் கற்களை நாம் கவனிப்பதே இல்லை. ஆயினும் உழவனின் மூட்டையும், பால்காரரின் மிதிவண்டியும், பள்ளிப் பிள்ளைகளும் நாள்தோறும் நகருவது அந்தச் சிறு சாலைகளிலேதான். பெருஞ்சாலைகள் ஊர்களைத் தாண்டிப் போவதற்கென்றே ஏற்பட்டவை. ஊருக்குள் போவதற்கு வேறு சாலை வேண்டும்.

உலகின் மறுகோடியில் இதற்கு நேர்மாறான சாலைகளைக் காணலாம். கனடா நாட்டின் மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாநிலங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயலாக விரியும் பிரெய்ரிச் சமவெளியில், 1871ஆம் ஆண்டு முதல் அரசு நில அளவையாளர்கள் சங்கிலி பிடித்து நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தனர். ஆறு மைல் பக்கமுள்ள ஒவ்வொரு பெருங்கட்டத்திலும் 36 சிறு கட்டங்கள். சிறு கட்டம் ஒன்றுக்கு 640 ஏக்கர். கட்டங்களின் ஓரங்களில் சாலை நிலம் முன்னரே ஒதுக்கப்பட்டது. ஆக, அங்கே சாலைக் கோடு முதலில் வந்தது. ஊர் பிறகே வந்தது. ஆல்பர்ட்டாவில் 500க்கு மேற்பட்ட எண்கள் தாங்கிய இரண்டாந்தர நெடுஞ்சாலைகளில் பல இந்தக் கோடுகளின் மீதே அமைந்தவை. பல மைல்களுக்கு ஒரு வளைவும் கிடையாது. ஆனால் பூமி உருண்டையாயிற்றே! வடக்கே போகப் போகத் தீர்க்க ரேகைகள் நெருங்கி வருவதால், சில இடங்களில் கோட்டைத் திருத்த வேண்டியிருக்கிறது. நேராகப் போன சாலை அங்கே திடீரென்று பக்கவாட்டில் ஒதுங்கி, மறுபடியும் நேராகப் போகும். காகிதத்தில் போட்ட கோட்டுக்கும் அங்கே பூமி தன் வளைவை நினைவூட்டி விடுகிறது.

அடி அண்ணாமலைச் சாலைக்குக் காகிதமும் இல்லை, சங்கிலியும் இல்லை. மலை இருந்தது, மலையை வலம் வந்த மனிதர் கால் இருந்தது, அக்காலடித் தடமே பாதையாயிற்று. பின்னால் மாட்டு வண்டி வந்தது, அதற்கும் பின்னால் தார் வந்தது. சுற்றளவு 14 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவர்க்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் பிடிக்கும். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பது போல் மெல்ல நடக்க வேண்டும் என்பது பழைய மரபு. 1896இல் இளைஞராக இவ்வூருக்கு வந்து 1950இல் மறையும் வரை இம்மலையை விட்டு அகலாத ரமண மகரிஷியும், 1926 வரை இவ்வழியே பலமுறை நடந்தவரே. அக்காலத்தில் சிறு கூட்டமாக, இரவில் ஆங்காங்கே சத்திரங்களில் தங்கி, சமைத்து உண்டு நடந்திருக்கிறார்கள். வழியெங்கும் நிற்கும் பழைய கல் மண்டபங்கள் அந்த வேகத்துக்கு ஏற்ற இடைவெளியில் கட்டப்பட்டவை.

ஊரின் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையின் அடியில் இருப்பதால் அடி அண்ணாமலை என்பர் சிலர். இங்குள்ள கோயிலே பழமையானது என்று கருதுவோர் ஆதி அண்ணாமலை என்பர். அணி அண்ணாமலை என்னும் வழக்கும் உண்டு. மூன்றில் எது சரி என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. பேருந்து நடத்துநர் எந்தப் பெயரைச் சொன்னாலும் இறக்கி விடுகிறார். சாலையை ஒட்டியே கோயிலும், அருகே மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு சந்நிதியும் உள்ளன. திருவெம்பாவை இங்கே அமர்ந்து பாடப்பெற்றதென்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. நகரத்துப் பெருங்கோயிலின் நெரிசலை எண்ணிக்கொண்டு வருவோர்க்கு இவ்விடத்து அமைதி வியப்பளிக்கும்.

சாதாரண நாள் ஒன்றில், அதிகாலையில் இவ்வழியே நடந்து பாருங்கள். மலைக்கு மேற்கே இருப்பதால் இவ்வூருக்குக் கதிரவன் தாமதமாகவே வருகிறான். நகரில் வெயில் ஏறிக் கடைகள் திறந்த பிறகும் இங்கே மலையின் நிழல் நீலமாகச் சாலையில் படுத்திருக்கும். மாலையில் இக்கணக்கு நேராகி விடுகிறது. நகரம் இருட்டத் தொடங்கும் வேளையில் அடி அண்ணாமலை வயல்களில் மஞ்சள் வெயில் தங்கி நிற்கும். மலையும் ஒரே முகம் காட்டுவதில்லை. நடக்க நடக்கச் சிகரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெளிப்பட்டு, மறைந்து, குபேர லிங்கத்துக்கு அப்பால் ஐந்து முகங்களாகப் பிரிந்து தெரியும்.

செங்கம் சாலையிலிருந்து திரும்பியது முதல், மலைப்பக்கம் பெரும்பாலும் வனத்துறையின் காப்புக்காடு. முள்ளும் புதரும் இடையிடையே நட்டு வளர்த்த மரங்களுமான காடு அது. 1980களின் இறுதி முதல் தன்னார்வலர்கள் மலையில் மரம் நடும் பணியை மேற்கொண்டதன் பயனை இன்று காணலாம். புள்ளிமான்கள் உண்டு, கோடையில் நீர் தேடிச் சாலையோரம் வரை வந்து நாய்களுக்கும் வாகனங்களுக்கும் இரையாவதும் உண்டு. மறுபக்கம் செம்மண் நிலங்கள். மழை பெய்தால் மல்லாட்டையும் கேழ்வரகும், கிணற்றில் நீர் இருந்தால் நெல்லும் கரும்பும். (நிலக்கடலை என்றால் இங்கே சிலர் நம்மைப் பட்டணத்தார் என்று கண்டுகொள்வர், மல்லாட்டை என்றே சொல்ல வேண்டும்.) வருண லிங்கத்தைத் தாண்டினால் அடி அண்ணாமலை, அதற்குப் பின் வாயு லிங்கம். ஊரில் கூரையும் ஓடும் மாடியுமாகக் கலந்து நிற்கும் வீடுகள், திண்ணைகள், தேநீர்க் கடை, கூட்டுறவுப் பால் சங்கத்தின் முன் தூக்குகளோடு நிற்கும் பெண்கள். இவ்வளவும் எந்த வடஆற்காட்டுக் கிராமத்திலும் காணக்கூடியவையே.

வேறெங்கும் காணாத ஒன்றும் உண்டு. இச்சாலையில் நடந்து வரும் யாரையும் ஊரார் ‘சாமி’ என்றே அழைக்கின்றனர். காவி கட்டியவரா, கால்சட்டை போட்டவரா, உள்ளூரா, வெளிநாட்டவரா என்ற பேதமில்லை. புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து எதிரே வந்த முதியவள் ஒருத்தி என்னையும் அவ்வாறே அழைத்து, “எட்டரை மணி வண்டி போயிட்ச்சா, சாமி?” என்று கேட்டாள். “இன்னும் வரவில்லை, அம்மா” என்றேன். சாலை இப்போது வசதியாக இருக்கிறதல்லவா என்று பேச்சுக் கொடுத்தேன். “லைட்டு போட்டாங்க, நல்லதுதான். வண்டிங்கதான் வேகமா வருது. கட்டோட ஒதுங்கறதுக்கு எடம் வேணுமே, சாமி” என்று சொல்லிவிட்டு நடந்தாள். சாலைப் பொறியியலைப் பற்றி நூல்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. ஒதுங்க இடம் வேண்டும் என்பதில் அவற்றுள் பாதி அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

இனி, பௌர்ணமி இரவு. முன்னர்ச் சில நூறு பேர் நடந்த வழியில் 1990களுக்குப் பின்னர் இலட்சக்கணக்கானோர் நடக்கத் தொடங்கினர். சித்திரைப் பௌர்ணமியன்றும், மலையுச்சியில் ஏற்றிய தீபம் 11 நாள் எரியும் கார்த்திகையிலும் சாலை முழுவதும் மனிதத் தலைகளே. அன்று வாகனங்கள் தடுக்கப்படுகின்றன. பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்படுகின்றன. வழிநெடுக அன்னதானப் பந்தல்கள், பலகாரக் கடைகள், மருத்துவ முகாம்கள். வலம் வருவோர் சாலையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்பது மரபு. மலையை ஒட்டிய வலப்பக்கம் கண்ணுக்குப் புலப்படாத சித்தர்கள் நடக்கும் இடமென்று அதனை விட்டு வைப்பார்கள். அழகிய எண்ணம். ஆனால் வாகனம் ஓடும் மற்ற நாட்களில் இதிலொரு சங்கடம் இருக்கிறது. நடைபாதையில்லாத சாலையில், எதிரே வரும் வண்டியைக் கண்ணால் காணும்படி வலப்பக்கம் நடக்க வேண்டும் என்பதே நம் நாட்டுப் பாதுகாப்பு விதி. இங்கே பக்தர் இடப்பக்கம் நடப்பதால் வண்டி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்தே வருகிறது. பின்னிரவில், அரைத் தூக்கத்தில், வெறுங்காலோடு நடப்பவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார்?

நம் வாசகர்களுக்கு இது புதிதன்று. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் காவியுடை உடுத்திச் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வேளாங்கண்ணிக்கு நடப்போரை நாம் ஆண்டுதோறும் வழியனுப்பி வைக்கிறோம். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று கடற்கரையோரச் சாலையில் இரவெல்லாம் நடக்கும் அவர்களுக்கும் முதுகுக்குப் பின்னால் வரும் விளக்கொளியே பெரிய அச்சம். வீட்டிலிருப்பவர்கள் தொலைபேசி ஒலித்தாலே நெஞ்சு துணுக்குறும் நாட்கள் அவை. பழனிக்கு நடப்பவர் வீட்டிலும் அதே அச்சமே. நடக்கிறவர்களுக்காக ஏற்பட்ட பாதைகளை நாம் வாகனங்களுக்குக் கொடுத்துவிட்டு, நடக்கிறவர்களை விளிம்புக்குத் தள்ளியிருக்கிறோம்.

அப்படியானால் சாலையை அகலப்படுத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அரசும் அவ்வாறே எண்ணியது. கிரிவலப் பாதையை விரிவாக்கும் பணி 2015-16இல் தொடங்கியபோது, ஓரத்து மரங்கள் வெட்டுப்பட்டன. பத்திரிகைகளில் செய்தி வந்தது. நகரத்தாரும் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு வேலையை நிறுத்தி வைத்தது. அதன் பின்னரே, மரங்களை எவ்வளவு காக்க முடியும் என்ற கேள்வி முறையாக எழுந்தது.

சாலையோர மரம் என்பது நம் நாட்டில் வெறும் நிழல் அன்று. புளியும் வேம்பும் ஆலும் இலுப்பையும் புங்கமும் நட்டவர்கள், நடப்பவனையும் மாட்டு வண்டியையும் மனத்தில் கொண்டு நட்டார்கள். புளியமரத்தின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுவது நெடுஞ்சாலைத் துறையின் பழைய வழக்கம். ஏலம் எடுத்தவர் உலுக்க, உதிர்ந்ததைப் பொறுக்கிக் கொட்டை நீக்க, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சில வாரக் கூலி. மரத்தின் அடியில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து எண்ணெழுதி வைப்பது இரவில் வண்டியோட்டிக்கு எல்லை காட்டவும், பகலில் அரசுக்குக் கணக்குக் காட்டவும். வெட்டும்போது, ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்று உறுதி கூறுவது வழக்கம். பத்துக் கன்றுகள் சேர்ந்தாலும் நூறாண்டு ஆலமரம் ஒன்றின் நிழலைத் தர அறுபது எழுபது ஆண்டுகளாகும். அதற்குள் வெறுங்காலோடு நடப்பவர் எத்தனை தலைமுறை! தார்ச்சாலையின் சித்திரை வெயிலில் ஒரு பத்தடி நடந்து பார்த்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓரத்தில் கல் பாவி நடைபாதை அமைத்த இடங்களில், மரத்தைச் சுற்றிப் பாதை விலகிச் செல்வதை இன்று சில இடங்களில் காண்கிறோம். அதுவே சரியான வழி என்பது என் எண்ணம். வாகனத்தின் வேகத்தைக் குறைப்பதற்கும் வளைவும் மரமும் உதவுகின்றன.

மரத்துக்கு அடுத்தபடி, மண். 1989இல் தனி மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. நகரம் மலையைச் சுற்றி இருபுறமும் கையை நீட்டி வருகிறது. கேழ்வரகு விளைந்த நிலத்தில் வண்ணம் பூசிய எல்லைக் கற்களும் சிறு கொடிகளும் நிற்கக் காண்கிறோம். ஆசிரமங்கள், விடுதிகள், அயல்நாட்டார் வாடகைக்கு எடுத்த வீடுகள். நிலம் விற்றவர்க்குக் கையில் பணம் வந்தது உண்மை. தாய் தந்தையர் உழுத நிலத்தின் ஓரத்தில் காவலாளியாக அமர்ந்திருப்பவர்களையும் கண்டேன். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது முறையாகாது. மலையின் கிழக்குப் புறத்திலோ வீடுகள் சரிவின் மீதே ஏறிவிட்டன. 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் மழையின்போது அங்கே வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் எழுவர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மேற்குப் புறத்துச் சரிவு காப்புக்காடாக இருப்பதால் மட்டுமே அடி அண்ணாமலைக்கு மேலே வீடுகள் இல்லை என்பதை அன்று பலரும் நினைத்துக்கொண்டார்கள்.

இலட்சம் பேர் நடக்கும் இரவில் இவ்வூரார் படும் பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடை வைப்போர்க்கு அது அறுவடை நாள். இளநீரும் சுக்குக் காப்பியும் விற்று ஒரே இரவில் ஒரு மாதத்துக் கடனை அடைப்போர் உண்டு. ஆனால் அன்றிரவு இவ்வூர்ப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி கண்டால், மருத்துவமனை மலைக்கு அப்புறம். சாலையிலோ இரு திசையிலும் மனித வெள்ளம். 108 வண்டி அதனூடே எறும்பு ஊர்வது போல் ஊர்ந்தே வர வேண்டும். நடப்போர் மனம் உவந்து வழிவிடுகின்றனர். கூட்டமே கைகோத்து இருபுறமும் விலகி நிற்பதைக் கண்டவர்கள் சொல்வார்கள். எனினும் மக்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி ஒரு சாலையை வகுக்கலாகாது. ஊருக்குப் பின்புறமாக வயல்களின் ஊடே செல்லும் வண்டிப் பாதைகள் இருக்கின்றன. பௌர்ணமி நாட்களில் உள்ளூராரின் அவசரத்துக்கென அவற்றில் ஒன்றையேனும் செப்பனிட்டு வைப்பது, நான்கு வழிச்சாலை போடுவதைவிட மலிவான காரியம்.

மறுநாள் விடியும்போது சாலையைப் பார்த்தவர்க்கே அதன் மற்றொரு முகம் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலம் முழுவதும் தடை இருக்கிறது. இருந்தும் தட்டுகள், குவளைகள், தண்ணீர்ப் புட்டிகள், அறுந்த செருப்புகள் எல்லாம் மண்டபப் படிகளிலும் ஓடைகளிலும் சிதறிக் கிடக்கும். இருள் பிரியுமுன்னரே தூய்மைப் பணியாளர்கள் வந்து விடுகின்றனர். பெரும்பாலும் பெண்கள். நீண்ட துடைப்பத்தால் சாலையின் குறுக்கே கூட்டிக் குவித்துக்கொண்டே மலையைச் சுற்றி வருகின்றனர். அவர்களும் அன்று வலம் வந்தவர்களே. யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பந்தல்காரர்கள் கழிகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றுகிறார்கள். காவலர்கள் தடுப்புகளை ஓரமாக நகர்த்துகிறார்கள். மலை நிழல் இன்னும் விலகாத நேரத்தில், முந்திய நாள் பகல் முதல் வராதிருந்த நகரப் பேருந்து ஊர் நிறுத்தத்தில் வந்து நிற்க, இரண்டு பால் கேன்களும், ஒரு புல்லுக்கட்டும், பள்ளிக்குப் போகும் ஏழெட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறுகிறார்கள்.